கமான் பட்டையும் காற்றுப் பையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"பட்டறைக்காரன் என்னத்தைப் பேசப் போறான்?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. பட்டறை விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். பழைய பிக்கப் வண்டிக்குப் பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் போடலாமா, போட்டால் எப்படிப் போடுவது என்பதுதான் பேச்சு.

இதை இரண்டு வகையான ஆட்கள் கேட்கிறார்கள். பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பையோ, 1988ல் வந்த டாடா மொபைல் 206 வண்டியையோ ஆசையோடு புதுப்பிக்கிறவர்கள் ஒரு பக்கம். காரங்காடு போன்ற கடற்கரை ஊர்களில் நண்டு, இறால், ஐஸ் பெட்டி ஏற்றிப் பிழைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். காரங்காடு என்றதும் இன்று பலருக்கு அலையாத்திக் காடும் வனத்துறைப் படகுச் சவாரியும்தான் நினைவுக்கு வரும். அங்கே கரையில் நிற்கிற சரக்கு வண்டியையும் கொஞ்சம் பாருங்கள். போகும்போது பெட்டி நிறையச் சரக்கு, திரும்பும்போது வெறும் பெட்டி. சரக்குக்கு ஏற்றபடி பட்டையை அடுக்கினால் காலி வண்டி துள்ளுகிறது. காலிக்கு ஏற்றபடி வைத்தால் சரக்கேறியதும் வால் உட்கார்ந்து விடுகிறது.

இதற்குக் காற்று நல்ல மருந்துதான். கணக்கு ரொம்பச் சுலபம். பையின் பயனுறு பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் அது தாங்கும் எடை. 15 செ.மீ. விட்டமுள்ள பை என்றால் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. ஒரு பக்கத்துக்கு 200 கிலோ வந்தால் சதுர செ.மீ.க்கு 1.1 கிலோ அழுத்தம் போதும். 600 கிலோ வந்தால் 3.4 கிலோ வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் பையின் விறைப்பும் கூடவே ஏறும். அதனால் காலி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரும்புப் பட்டைக்கு அந்த வசதி இல்லை. 2001ல் நம் நாட்டுக்கு வந்த வால்வோ பஸ்ஸிலும், நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்யும் வந்தே பாரத் ரயிலிலும் இதே காற்றுதான் தாங்குகிறது.

சரி, பட்டையைக் கழற்றிவிட்டுப் பையை மாட்டினால் தீர்ந்ததா? இல்லை தம்பிகளே, அங்கேதான் ஆபத்து. கமான் பட்டை மூன்று வேலை செய்கிறது. எடையைத் தாங்குகிறது. ஆக்சில் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடிக்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்குகிறது. காற்றுப் பை முதல் வேலையை மட்டுமே செய்யும். மற்ற இரண்டுக்கும் நாம்தான் ஆள் வைக்க வேண்டும். நாலு இணைப்புக் கம்பி, பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்ட் ராடு, நல்ல ஷாக் அப்சார்பர் எல்லாம் வேண்டும். ஓடும் உயரத்தில் வண்டியை நிறுத்தி, பினியன் கோணத்தை அளந்த பிறகே கடைசி வெல்டிங். கோணம் தப்பினால் ப்ரொப்பெல்லர் ஷாப்டின் ஜாயிண்ட் தேய்ந்து போகும்.

ஆகவே பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு என் யோசனை இதுதான்: பட்டை இருக்கட்டும், அதற்குத் துணையாக மட்டும் பை வையுங்கள். பை கிழிந்தாலும் வண்டி வீடு வந்து சேரும். எந்த முறையானாலும் பம்ப் ஸ்டாப் ரப்பரை எடுக்காதீர்கள். இரண்டு பைகளையும் ஒரே குழாயில் திறந்து இணைக்காதீர்கள். வளைவில் அழுந்துகிற பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். சைலன்சர் சூடு படாமல் பையைத் தள்ளி வையுங்கள்.

நம்ம பக்கத்து உப்புக்காற்றைச் சொல்லாமல் விட முடியுமா? காரைக்குடி சிக்ரி நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் காற்றுக்காகத்தான். 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, 2025ல் புதிய பாலத்துக்கு வழிவிட்டது. அப்படியிருக்க நம்ம பிராக்கெட் எம்மாத்திரம்? ஐஸ் தண்ணீர் சொட்டும் இடத்தில் பிராக்கெட்டை வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள். தொட்டி உள்ளிருந்தும் துருப்பிடிக்கும்.

இனி மிக முக்கியமான விஷயம். பை போட்டதால் வண்டியின் சுமை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் அதே பழையவைதான். வால் தாழ்வது "போதும் முதலாளி" என்று வண்டி போடும் கூப்பாடு. காற்றடித்து வாலைத் தூக்கினால் அந்தக் கூப்பாடு அடங்கும், பாரம் குறையாது. சில பிக்கப்புகளில் பின் உயரத்தைப் பார்த்து பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வ் ஒன்று உண்டு. வால் தூக்கியே இருந்தால் வண்டி காலி என்று அது நம்பிவிடும். முழுச் சரக்கோடு பிரேக் மிதிக்கும்போது பின்சக்கரம் சரியாகப் பிடிக்காது. அப்போது எதிரே யார் வருகிறார்களோ, யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். வெல்டிங் ராடைத் தொடுவது அப்புறம்.

மாணவச் செல்வங்களே! ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னால், அது என்னென்ன வேலை செய்கிறது என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். புதிய பாகம் அதில் எத்தனையைச் செய்யும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டுகிறவன்தான் பொறியாளன். அந்த வித்தியாசத்தை நாம் விட்டுவிட்டால், நம்மை நம்பி விடியற்காலையில் ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர் அண்ணன் அதற்கு விலை கொடுப்பார்.