பங்கு தருகிறார்களாம்: எதில் பங்கு?

(தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



போன கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இனிமேல் பேருக்கு வேலை இல்லையாம். தேயிலையைப் பிரிச்சுக் குடுத்து வருமானத்தில பங்கு தருவாங்களாம். கையெழுத்து வைக்கலாமா?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இன்று ஒரு வைன் பண்ணையின் கதையைச் சொல்லப்போகிறேன். தொழிலாளருக்கு உண்மையாகவே பங்கு கொடுத்த பண்ணை அது.

தென்னாபிரிக்காவில் கேப் டவுன் நகருக்குக் கிழக்கே பிரான்ஷுக் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மலையடிவாரத்தில் உள்ள சோல்ம்ஸ்-டெல்டா என்ற பண்ணை 1690இல் தொடங்கியது. அந்தப் பகுதியில் வைன் என்றாலே அடிமைகளின் உழைப்புத்தான். டச்சுக் கம்பனி 1652இல் கேப்பில் கால்வைத்தது. அதன் பின் மடகஸ்கார், மொசாம்பிக், ஜாவா, வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கூட ஆட்களைக் கொண்டுபோனது. கொழும்பையும் காலியையும் ஆண்டது அதே கம்பனிதான். நம் பாட்டன்மார் கோப்பிக் காட்டுக்கு நடந்து வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, நம் கரையோரத்து மக்கள் அங்கே விற்கப்பட்டிருக்கிறார்கள்.

1834இல் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் 'பயிற்சிக் காலம்' என்று சொல்லி, இன்னும் நான்கு வருடம் அதே எசமானிடம் கட்டிவைத்தார்கள். அதன் பிறகும் கூலியில் ஒரு பகுதியை மட்டமான வைனாகக் கொடுத்தார்கள். இதற்கு 'டொப்' முறை என்று பெயர். வேலைநாளில் பல தடவை ஊற்றிக் கொடுப்பார்கள். 1960களின் தொடக்கத்தில் சட்டம் இதைத் தடைசெய்தது. ஆனாலும் பல பண்ணைகளில் 1990கள் வரை இது நடந்தது. தாய் குடித்ததால் வயிற்றிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் பிள்ளைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அந்த மாகாணமும் ஒன்று. சம்பள நாளில் நம் லயத்து வாசலுக்குக் கசிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2000களின் தொடக்கத்தில் இந்தப் பண்ணையை வாங்கியவர் மார்க் சோல்ம்ஸ். இவர் மூளை ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானி. பண்ணையில் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களோடு பேச முயன்றபோது, பழைய வரலாறு நடுவில் நிற்பதை அவர் கண்டார். அகழாய்வாளரையும் வரலாற்றாசிரியர்களையும் அழைத்து வந்தார். அங்கே வாழ்ந்த அடிமைகளின் பெயர்களைத் தேடி எடுத்தார்கள். பண்ணைக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் திறந்து, அந்தப் பெயர்களை அங்கே பொறித்துவைத்தார்கள். நம் நாட்டில் பழைய துரை பங்களாக்கள் ஹோட்டலாகியிருக்கின்றன. அவற்றின் சுவரில் துரைமாரின் படம் தொங்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

அவர் அதோடு நிற்கவில்லை. அவரும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரும் தங்கள் நிலத்தை அடகுவைத்து, மூன்றாவது பண்ணை ஒன்றைத் தொழிலாளர் அறக்கட்டளைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வைன் தொழிலில் மூன்றிலொரு பங்கு தொழிலாளருக்கு என்று ஆனது. வீடுகள் திருந்தின, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வந்தது. அந்த மனிதரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் வைன் தொழில் லாபம் தரவில்லை. கடன் ஏறியது. 2016இல் அரசு பெரும் பங்கை எடுத்தது. தொழிலாளரின் பங்கு 45 வீதமாக உயர்ந்தது. காகிதத்தில் பார்த்தால் அது பெரிய வெற்றி. ஆனால் இரண்டு வருடத்துக்குள் கடன் தீர்க்க முடியாத நிறுவனமாக விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை இருக்குமா, வீடு இருக்குமா என்று குடும்பங்கள் காத்துக்கிடந்தன. நட்டத்தில் ஓடும் தொழிலில் 45 வீதம் என்றால், கடனிலும் கவலையிலும் பங்கு என்றுதான் அர்த்தம்.

தோழர்களே, நல்ல மனம் படைத்த முதலாளி தந்த பங்குக்கே இந்தக் கதி. அப்படியானால் நம் கம்பனிகள் நீட்டுகிற 'அவுட்குரோவர்' பத்திரத்தை எத்தனை தடவை வாசிக்க வேண்டும்? பங்கு என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. 200 வருடம் உழைத்தவர்களுக்கு அது வரவேண்டியதுதான். ஆனால் கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, நிலத்தின் உறுதி யார் பெயரில் இருக்கும்? பராமரிக்கிற பொறுப்பு மட்டும் நமக்கா?

இரண்டு, கொழுந்தின் விலையை யார் தீர்மானிப்பது? உரம், மருந்துச் செலவை யார் கழிப்பது? அந்தக் கணக்குப் புத்தகத்தை நம் ஆள் பார்க்கலாமா?

மூன்று, செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., பிரசவச் சகாயம் எல்லாம் என்ன ஆகும்?

நான்கு, விலை விழுந்தால், மழை பொய்த்தால், நட்டம் யார் தலையில்? அப்போது லயத்து அறையில் இருக்க முடியுமா?

இந்த நான்குக்கும் தமிழில், எழுத்தில் பதில் வரும் வரை யாரும் தனியாகக் கையெழுத்து வைக்க வேண்டாம். பத்திரத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நம் பாடசாலை ஆசிரியர்களும் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்கிறோம்.

அந்த அக்காவுக்கு நான் சொல்கிற பதிலும் இதுதான்: "பொறுங்க அக்கா. முதல்ல வாசிப்போம்."