சிலிண்டர் பவர் உள்ளவங்க லென்ஸ் வாங்கும் முன்



பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா கண்ணாடியைக் கழற்றி ஒளிச்சு வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ப்பக்கம் இன்னும் போகல. இப்போ பிள்ளைங்க, "கண்ணாடி வேண்டாம்மா, கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக் குடுங்க"ன்னு கேக்குறாங்க. கேக்குறது தப்பில்ல. ஆனா சிலிண்டர் பவர் இருந்தா விஷயம் தெரிஞ்சு வாங்கணும். எங்க அக்கா மகளுக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

நம்ம கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். சிலருக்கு முட்டை மாதிரி ஒரு பக்கம் வளைவு கூடுதலா இருக்கும். அப்போ எழுத்து நிழலடிச்ச மாதிரி, இழுத்த மாதிரி தெரியும். இதைத்தான் டாக்டருங்க அஸ்டிக்மாடிசம்னு சொல்றாங்க. கண் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்க. முதல்ல சாதாரண பவர், அடுத்து சிலிண்டர், அடுத்து ஆக்சிஸ். ஆக்சிஸ்ங்கிறது 180 வரைக்கும் உள்ள கோணம்.

சாதாரண லென்ஸ் கண்ணுக்குள்ள சுத்தினாலும் பார்வை மாறாது. சிலிண்டர் உள்ளவங்களுக்கான லென்ஸுக்கு டோரிக் லென்ஸ்னு பேரு. அது அந்தக் கோணத்திலேயே நிக்கணும், சுத்திட்டா பார்வை மங்கும். அதனால கண்ணாடிச் சீட்டை மட்டும் காட்டி வாங்கக் கூடாது. கண்ணில் போட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் கழிச்சு சரியா நிக்குதான்னு சோதிச்சுத்தான் எழுதித் தரணும். பவர் அதிகமா இருந்தா கண்ணாடி நம்பரும் லென்ஸ் நம்பரும் ஒண்ணா இருக்காது.

சிலிண்டர் அரைப் புள்ளி அளவுக்குள்ள இருந்தா பல பேருக்குச் சாதாரண லென்ஸே போதும். ரொம்ப அதிகமா இருந்தா கெட்டி லென்ஸ் பொருந்தலாம். சிலிண்டர் நம்பர் வருஷா வருஷம் ஏறுது, பிள்ளை கண்ணைக் கசக்கிட்டே இருக்குதுன்னா, கருவிழி கூம்பு மாதிரி ஆகுதான்னு முதல்ல பரிசோதிக்கணும். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கு.

விசேஷத்துக்கு மட்டும் போடறவங்களுக்கு ஒரு நாள் போட்டு எறியிற லென்ஸ் நல்லது. தினமும் போடறவங்க மாத லென்ஸ் வாங்கலாம். ஆனா கழுவுற மருந்து, 3 மாசத்துக்கு ஒரு புது டப்பா எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்க. குழுவில் உள்கடன் கேக்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக்கோங்க. லென்ஸ் இருந்தாலும் கண்ணாடி கட்டாயம் வேணும்.

இதை மட்டும் மறந்துடாதீங்க. குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி, எச்சில் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணியில் இருக்கிற கிருமி கருவிழியையே அரிச்சிடும், பார்வையே போகலாம். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைச்சுட்டுத் தொடணும். லென்ஸ் போட்டுட்டு அப்புறம் மை போடணும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிடணும். நெல் தூத்துற இடத்துக்கும் விறகடுப்புப் புகைக்கும் கண்ணாடிதான் சரி. ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் போடக்கூடாது. கண் சிவந்தாலோ, வலிச்சாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிட்டு அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க.

கடைசியா ஒண்ணு. லென்ஸ் போட்டாலும் கண்ணில் பவர் இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டில் சொல்லிடணும். மறைச்சுக் கட்டிக் கொடுத்தா, அந்தப் பிள்ளை புகுந்த வீட்டில் லென்ஸைக் கழற்றக்கூடப் பயந்துக்கிட்டு ராத்திரியும் போட்டே தூங்கும். போறது அவ கண்ணு.

இன்னைக்குப் பொண்ணு வீடா இருக்கிற நாம நாளைக்கு மாப்பிள்ளை வீடாவும் போவோம். அன்னைக்குக் கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காம இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.