படத்தைப் படிப்பதும் மார்க் போடுவதும்

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பாலம், கட்டடம் பத்திப் பேசேன்ப்பா" என்றுதான் சொன்னார். நான் சிவில்காரன். கான்கிரீட்டைப் பற்றி இருபது நிமிஷம் பேசச் சொன்னால் பேசிவிடுவேன். ஆனால் சாப்பாட்டுக்கு முந்தின அமர்வில் உங்களைத் தண்டிக்க மனசு வரவில்லை. அதனால் சென்ற ஆண்டு இந்தச் சங்கம் என்னிடம் ஒப்படைத்த ஒரு வேலையையும், அதில் நான் செய்ய இருந்த ஒரு தப்பையும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

சங்கத்தின் சார்பில் மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினோம். தலைப்பு எதுவும் கிடையாது. ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்து, "இதைப் படித்து ஆராய்ந்து எழுதுக" என்றோம். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். 48 கட்டுரைகள் வந்தன. திருத்துவதற்கு இரண்டு பேர். ஒருவர் நம் ஆங்கிலத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சார். இன்னொருவன் நான். பெயர் தெரியாமல் இருக்க, தாளில் எண் மட்டும்தான் இருக்கும்.

கொடுத்த படம் உங்களில் பலர் பார்த்ததுதான். 1936 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டொரோத்தியா லேஞ்ச் என்ற பெண்மணி எடுத்தது. 'மைக்ரன்ட் மதர்' என்று பெயர் பெற்ற படம். நடுவில் ஒரு தாய். ஒரு கை கன்னத்தைத் தொட்டபடி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் தோளில் சாய்ந்து, முகத்தை நமக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை. தாயின் பார்வை காமிராவைத் தாண்டி எங்கோ போகிறது. அவ்வளவுதான் படம்.

நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு ஆரம்பித்து, மதியத்துக்குள் பாதித் தாள்களை முடித்துவிட்டேன். ஒரு தாளில், "வறுமை என்னும் கொடிய அரக்கன் மானுடத்தின் குரல்வளையை நெரிக்கிறான், தாய்மை என்னும் தீபம் அணையாமல் எரிகிறது" என்று இருந்தது. அழகான கையெழுத்து. பத்துக்கு எட்டு போட்டேன். எண் 27 என்ற தாள் ஒன்று. பிழைகள் நிறைந்த ஆங்கிலம். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. அதிலும் கடைசிப் பத்தி விநோதமாக இருந்தது. படத்தின் வலது கீழ் மூலையில், கம்புக்குப் பக்கத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, ஒரு விரல் மாதிரி இருக்கிறது, அதை யாரோ அழித்திருக்கிறார்கள், ஏன் அழித்தார்கள் என்று கேட்டிருந்தது. சிவப்பு மையால் பக்கத்தில் 'பொருத்தமில்லை' என்று எழுதி, நாலு மார்க் போட்டு, அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் சார் போன் செய்தார்.

"என்னப்பா, இருபத்தேழுக்கு நாலு போட்டிருக்கே?"

"ஆமா சார். இங்கிலீஷே சரியில்ல. கடைசியில விரல், கம்புன்னு என்னமோ எழுதியிருக்கு."

"நான் ஒம்பது போட்டிருக்கேன். நீ படத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எப்போ பாத்தே? கட்டுரையைத் திருத்தறப்போ பக்கத்துல வெச்சிருந்தியா?"

நான் வைத்திருக்கவில்லை. போட்டி அன்றைக்கு ஒரு தடவை பார்த்ததோடு சரி. படத்தைப் பற்றிய 24 கட்டுரைகளைப் படத்தைப் பார்க்காமலே திருத்தியிருக்கிறேன்! போனை வைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். மூலையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இருந்தது. மங்கலாக, நிழல் மாதிரி இருந்தது.

அப்புறம் தேடிப் படித்தேன். கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டை விரல் மூலப் படத்தில் இருந்திருக்கிறது. 1930களின் பிற்பகுதியில், அது படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று நெகடிவிலேயே அழித்துவிட்டார்கள். அமெரிக்க அரசின் பணத்தில், நிலைமையை உள்ளபடி காட்டுவதற்காக எடுத்த படம் அது. அதில் ஒரு விரலை அழிக்கலாமா என்பது சாதாரணக் கேள்வி இல்லை. 48 பேரில் அந்தக் கேள்வியை ஒரே ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. நான் அதற்குப் 'பொருத்தமில்லை' என்று சிவப்பு மை பூசியிருக்கிறேன்.

நண்பர்களே, எனக்கு அன்றிரவு என் முதல் வேலையின் ஞாபகம் வந்தது. 2012ல் ஒரு வீட்டின் சுவரில் விரிசல் என்று என்னை அனுப்பினார்கள். போனேன், பார்த்தேன், 'அஸ்திவாரம் இறங்கிவிட்டது' என்று ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் சீனியர் எஞ்சினியர் அதைப் படித்துவிட்டு, "விரிசல் எங்கப்பா இருக்கு? அகலம் எவ்வளவு? மேல அகலமா, கீழ அகலமா? ஜன்னல் மூலையிலிருந்து கிளம்புதா?" என்று கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. திரும்பப் போனோம். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைத்துவிட்டு வந்தோம். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். மாதக்கணக்கில் பார்த்தும் உடையவில்லை. ஜன்னல் லிண்டல் சுவரில் போதிய நீளம் உட்காராததுதான் காரணம். அஸ்திவாரம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டம்மா என் ரிப்போர்ட்டை நம்பி, அஸ்திவார வேலைக்காக நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று சீனியர் ஒரு விதி சொன்னார். 'கண்டதை முதல்ல எழுது. கருதுவதை அப்புறம் எழுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இணைப்பைக் காட்டு.' படத்தைப் பற்றிய கட்டுரைக்கும் இந்த விதி அப்படியே பொருந்துகிறது. 'தாய் கவலைப்படுகிறாள்' என்பது கருத்து. எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்? நெற்றிச் சுருக்கமா, கன்னத்துக் கையா, நம்மைப் பார்க்காத கண்ணா? பிள்ளைகள் முகம் திருப்பியிருப்பது கண்டது. அதனால் நம் கண் வேறு போக்கிடம் இல்லாமல் தாயின் முகத்துக்கே திரும்புகிறது என்பது அதிலிருந்து எடுத்த கருத்து. இப்படி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

நான் எட்டு போட்ட கட்டுரையை மறுபடி எடுத்தேன். படத்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். அந்தக் கட்டுரை இந்தப் படத்துக்கும் பொருந்தும், வெள்ளத்தில் நிற்கும் ஒரு குடும்பத்தின் படத்துக்கும் பொருந்தும், ரயில்வே ஸ்டேஷனில் தூங்கும் ஒரு கிழவியின் படத்துக்கும் பொருந்தும். எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் படத்தையும் பார்த்து எழுதியது இல்லை. இப்போதெல்லாம் கைபேசியிடம் கேட்டால் இந்த மாதிரி வாக்கியங்கள் நிமிஷத்தில் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. ஆகவே, திருத்துகிற நமக்கு இனிமேல் பொறுப்பு அதிகம்.

அதற்காகப் படம் மட்டும் போதும், வெளியே ஒன்றும் தெரிய வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் படத்தின் கதையே அதற்குச் சாட்சி. படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதாவது சுமார் 9,000 கிலோ. ஆனால் படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் வேறு ஊர் போய்விட்டது. சாப்பாட்டுக்காக அந்தக் குடும்பம் கார் டயரை விற்றுவிட்டது என்று லேஞ்ச் எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் பின்னால் மறுத்தார்கள். அந்தத் தாயின் பெயரே 1978ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். படம் எடுக்கும்போது அவருக்கு வயது 32. அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மரபில் வந்தவர். அதைப் படத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. உலகமே பார்த்த அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். ஆகவே மாணவர்கள் எழுதும்போது, யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது, கூட எடுத்த மற்றப் படங்களில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அதே இடத்தில் லேஞ்ச் தள்ளி நின்று எடுத்த படத்தில் கூடாரம் முழுவதும் தெரிகிறது. இந்தப் படத்தில் இல்லாத ஒரு பெரிய பெண்ணும் அதில் உட்கார்ந்திருக்கிறாள். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, எதை வெளியே விட்டார்கள் என்பதும் ஒரு செய்திதான்.

மறுநாளே சாரின் வீட்டுக்குப் போனேன். "மொத்தத்தையும் மறுபடி திருத்தணும் சார்" என்றேன். சார் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். 1961ல் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற நிறுவனத்தில் ஓர் ஆய்வு செய்தார்களாம். 300 மாணவர் கட்டுரைகள். ஆங்கில ஆசிரியர், விஞ்ஞானி, வக்கீல், பத்திரிகைக்காரர், வியாபாரி என்று 53 பேர் திருத்தினார்கள். ஒன்பது படி மதிப்பெண். ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு மதிப்பெண் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்குக் கட்டுரைகள் ஒன்பது மதிப்பெண்ணையும் வாங்கியிருந்தன! ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் எழுத்துப் பிழையைப் பார்த்தார், ஒருவர் நடையைப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் அஞ்சு மார்க் வித்தியாசம் வந்ததுல அதிசயம் என்னப்பா இருக்கு? எதைப் பாக்கணும்னு நாம பேசிக்கவே இல்லையே" என்றார்.

பேசினோம். நான்கு தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, தனித்தனியாகத் திருத்தி, ஒப்பிட்டுப் பார்த்தோம். கண்டதைச் சரியாகச் சொல்வதற்கு 3, கண்டதையும் கருத்தையும் இணைப்பதற்கு 4, பின்னணி உண்மைக்கு 2, மொழிக்கு 1 என்று நான் சொன்னேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. "மொழி சும்மா மேல்பூச்சு இல்லப்பா. தெளிவா எழுதாதவன் தெளிவா பாத்திருக்கான்னு எப்படித் தெரியும்? ரெண்டு குடு" என்றார். கடைசியில் 3, 3, 2, 2 என்று முடிவாயிற்று. எஞ்சினியருக்கு ஒரு மார்க் நஷ்டம். படம் இல்லாமல் ஒரு தாளையும் தொடுவதில்லை என்றும் தீர்மானித்தோம். 48 தாளும் மறுபடி திருத்தினோம். முடிவு வர மூன்று வாரம் தாமதம். செயலாளர் அண்ணனிடம் வாங்கிய திட்டுக்கு இதுதான் காரணம் என்று இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

எண் 27க்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மொழியில் அரை மார்க்தான் தேறியது. அதை நாங்கள் கூட்டவில்லை. பரிசளிப்பு அன்றைக்குத்தான் ஆளைப் பார்த்தேன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன். "விரலை எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன். "எங்க தாத்தா ஸ்டுடியோ வெச்சிருந்தார் சார். நெகடிவ்ல பென்சிலால டச்சிங் பண்ணுவார். டச்சிங் பண்ண இடம் கொஞ்சம் செத்துப்போன மாதிரி தெரியும்னு சின்ன வயசுலயே காட்டியிருக்கார்" என்றான். முதல் தடவை நாலு மார்க் போட்டவன் நான்தான் என்று அவனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்று இந்த அரங்கில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். இப்போது சொல்லிவிட்டேன். தம்பி, மன்னித்துக்கொள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை உங்கள் கையில் ஒரு படம் கிடைத்தால், அது விளம்பரமோ, போஸ்டரோ, தேர்தல் சுவரொட்டியோ எதுவாக இருந்தாலும், முதல் பத்து நிமிஷம் பேனாவால் வாக்கியம் எழுதாதீர்கள். எங்கே என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் போடுங்கள். நான்கு மூலையையும் பாருங்கள். அதில் உங்களைத் தொந்தரவு செய்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கட்டுரையைக் கட்டுங்கள். உங்கள் தாத்தா, பாட்டி சொல்லித் தந்த பார்வையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்கு வராதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். சிவப்பு மையைத் திறக்கும்போது படத்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை மாணவன் எழுதியிருந்தால், 'பொருத்தமில்லை' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை மூலையைப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு மணி நெருங்குகிறது. மெஸ் ரசத்தின் வாசனை மாறவே இல்லை என்பது இங்கேயே தெரிகிறது.