விசிறிச் சத்தம் இல்லாத பெட்டி

போன மாதம் வரி விவரம் கதைத்தேன். பாதிப்பேர் நித்திரை கொண்டுவிட்டார்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். ஆகவே இந்த மாதம் பாட்டு. பயப்படாதீர்கள், நான் பாடப் போவதில்லை. பாட்டைப் பதிவு செய்து இசை சேர்க்க எப்படிப்பட்ட லப்டொப் வாங்கலாம் என்பதுதான் பேச்சு.

இதைக் கிளப்பியவன் என் தங்கையின் மகன். தமிழ்நாட்டில் முகாமில் பிறந்து, 2012இல் குடும்பத்தோடு வவுனியாவுக்குத் திரும்பி, இப்போது துபாயில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறான். மெட்டுப் போடுவான், நன்றாகவே போடுவான். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "மாமா, நாலாயிரத்து ஐந்நூறு திர்ஹாம் சேர்த்துப்போட்டன். கேமிங் லப்டொப் ஒண்டு பார்த்து வச்சிருக்கிறன். லீவிலை போகேக்கை அம்மம்மாவைப் பாட வச்சுப் பதியப் போறன்" என்றான். அம்மம்மா என்பது என்னைப் பெற்ற தாய். வயது 84. அவருடைய தாலாட்டுகள் எந்தக் கசற்றிலும் இல்லை.

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. காரணம் என்னுடைய பழைய பிழை ஒன்று.

2016ஆம் ஆண்டு ஆடி மாதம். ஊர்ப் பெரியவர் ஒருவர், கூத்து அண்ணாவியார், மகனைப் பார்க்க சார்ஜாவுக்கு வந்திருந்தார். எங்கள் வானொலிக்காக அவருடைய கூத்துப் பாட்டுகளைப் பதிய வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஏசி ஓடினால் இரைச்சல் பதியும் என்று அதை நிறுத்தினேன். ஆடி மாதத்துச் சார்ஜாவில் ஏசியை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் அறை அடுப்பங்கரை. அப்போதுதான் என் லப்டொப்பும் சூடேறி, உள்ளே இருந்த சின்ன விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. பெரியவர் வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒரு மணித்தியாலம் பாடினார். பிறகு கேட்டால் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் உய்ய்ய் என்று அந்த விசிறி. மென்பொருளால் இரைச்சலை நீக்கப் பார்த்தேன், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பினார், அடுத்த வருடம் காலமானார். அந்த லப்டொப்பை நான் தெரிவு செய்தது விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக. கணக்காளன் புத்தி.

ஆகவே இந்தப் பக்கத்து வெக்கையில் முதல் கேள்வி, பெட்டி எவ்வளவு வேகம் என்பதல்ல, எவ்வளவு அமைதி என்பதுதான். கேமிங் லப்டொப்பில் காசின் பெரும்பகுதி படம் காட்டும் கிராபிக்ஸ் அட்டைக்குப் போகிறது. இசை மென்பொருள்கள் அதை அனேகமாகத் தொடுவதே இல்லை. சூடும் விசிறியும் மட்டும் நமக்கு மிச்சம்.

அதற்காக வேகம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் உங்களில் பலர். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். கணினியின் புரொசெசரும் அப்படித்தான். தடங்களையும் எதிரொலி போன்ற விளைவுகளையும் கூட்டக் கூட்ட அது மிதிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஒலி வெடித்து வெடித்து வரும்.

இன்னொன்று தாமதம். பாடுகிறவர் தன் குரலைக் கணினி வழியாகக் ஹெட்ஃபோனில் கேட்கும்போது கொஞ்சம் பிந்தி வரும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில், 128 மாதிரிகளாக எடுத்து வேலை செய்தால் ஏறக்குறைய 3 மில்லிசெக்கன். 1,024 ஆக எடுத்தால் 23. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். முன்னது ஒரு மீற்றர் தள்ளி நின்று கேட்பதுபோல், பின்னது எட்டு மீற்றர் தள்ளி. போகவர இரண்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். எட்டு மீற்றருக்கு அப்பால் மிருதங்கம் இருந்தால் யார் தாளத்தோடு பாடுவது? குறைந்த எண்ணிக்கையில் பதிய வேண்டுமானால் புரொசெசர் தெம்பாக இருக்க வேண்டும், ஒலிவாங்கியை இணைக்கும் ஓடியோ இன்ரர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியும் வேண்டும்.

நினைவகம், அதாவது ரம், 16 ஜி.பி. இருக்கட்டும். குரலுக்கு மட்டும் 8 போதும், ஆனால் வயலின் கூட்டத்தையே மாதிரிகளாகக் கொண்டுவரும் மென்பொருள்கள் நினைவகத்தைத் தின்னும். அப்பிள் மடிக்கணினிகளில் இப்போது வாங்கிய பிறகு ரம் கூட்ட முடியாது. விண்டோஸிலும் பலவற்றில் முடியாது. கடையில் இதைக் கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இடக் கணக்கு சுலபம். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்.பி. ஐந்து நிமிடப் பாட்டில் இருபது தடம் என்றால் 860 எம்.பி. அளவில் போகும்.

மருமகனோடு பர்துபாய் காலித் பின் அல் வலீத் வீதிக்குப் போனேன். கணினிக் கடைகளின் தெரு அது. அவன் சிவப்பு விளக்கு எரியும் கேமிங் பெட்டியின் முன்னால் நிற்கிறான், நான் கையைப் பிடித்து இழுக்கிறேன். கடைசியில் புதுப்பித்து விற்கும் மக்புக் எயார் ஒன்று, 2020இல் வந்த எம்1 சில்லு, 16 ஜி.பி. ரம், 512 ஜி.பி. சேமிப்பு, 2,150 திர்ஹாம். அதில் விசிறியே கிடையாது. சூடு மிஞ்சினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது ஒரு குறைதான். ஆனால் ஒரு கிழவி பாடத் தடையில்லை. கராஜ்பேண்ட் மென்பொருளுக்குத் தனியாகக் காசில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ரீப்பர் இருக்கிறது, 60 டொலர் உரிமம், திர்ஹாமில் 220.

பழையது வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். முன்னைய சொந்தக்காரரின் அப்பிள் கணக்கை உங்கள் கண்முன்னால் கடைக்காரர் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போவது வெறும் தட்டு. 5 சதவீத வற் போட்ட பில்லும் உத்தரவாதத் தாளும் வாங்குங்கள். கோடையில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். அந்த வகைக்கு அப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை 35 பாகை வரை, சும்மா வைத்திருக்க 45 வரை. நம் கார் அதைத் தாண்டிவிடும்.

மீதிக் கணக்கு: இன்ரர்ஃபேஸ் 550, ஒலிவாங்கி 400, ஹெட்ஃபோன் 280, பிரதி எடுத்து வைக்க வெளி டிஸ்க் 250. மொத்தம் 3,630. மிஞ்சிய 870ஐ வீட்டுக்கு அனுப்பினான்.

வரும் வழியில் முகம் வாடித்தான் இருந்தது. அவனுக்கு மாயா அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொன்னேன், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர். யாழ்ப்பாணத்தில் சிறுபராயம், 1986இல் லண்டனுக்கு அகதி. அவர் முதல் மாதிரிப் பாடல்களைப் பதிந்தது இரவல் ரோலண்ட் எம்.சி-505 தாளப் பெட்டி, பழைய நாலு தடக் கசற் ரெக்கோடர், ஒரு ஒலிவாங்கி, அவ்வளவில். 2005இல் 'அருளர்' என்ற இசைத்தட்டு வந்தது. "அவவுக்கு லப்டொப் இல்லையே மாமா?" என்று கேட்டான். அந்தப் பட்டியலில் இல்லை என்றேன். கொஞ்சம் சிரித்தான்.

போன கிழமை வவுனியாவிலிருந்து கோப்பு வந்தது. மூன்று நிமிடம் நாற்பது செக்கன். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அலுமாரித் துணிகளுக்கு முன்னால் கிழவியை இருத்திப் பதிந்திருக்கிறான். தூரத்தில் ஒரு காகம், வேறு இரைச்சல் இல்லை. நடுவில் அம்மா பாட்டை நிறுத்தி, "போதுமே ராசா?" என்று கேட்கிறா. அதை வெட்டவா என்று மருமகன் கேட்டு எழுதியிருந்தான். வெட்ட வேண்டாம் என்று பதில் போட்டேன். அடுத்த மாத நிகழ்ச்சியில் முழுதாகப் போடுகிறோம், கேளுங்கள்.