சிற்றறையில் பிளாஷ் ஒளி



பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணம் என்னும் ஊர் இருக்கிறது. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றி, தாழை மடலால் மெருகிட்டு அங்கே செய்யப்பெறும் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. இத்தகைய பொம்மைகளையோ நகைகளையோ வீட்டிலிருந்தபடியே வெளியூர்களுக்கு விற்க முற்படும் நம்மவர்க்கு முதலில் வேண்டுவது நல்ல புகைப்படம். வாங்குவோர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார்கள். படத்தில் குங்குமச் சிவப்பாகத் தோன்றிய பொம்மை கையில் செங்கல் நிறமாக வந்து சேர்ந்தால், அது திரும்பி வரும். அனுப்பிய செலவும் நற்பெயரும் போகும்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள சிறிய வீடுகளில் படப்பிடிப்புக்கென்று தனி அறை ஏது? கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு மேசை போட இடம் இருந்தால் அதுவே பெரிது. அவ்விடமே போதும் என்பதுதான் இன்று நாம் கூற வந்த செய்தி.

காமிராவின் தலையிலேயே பிளாஷ் விளக்கைப் பொருத்தி எடுத்தால், ஒளி நேர் எதிரே சென்று மோதுகிறது. பொம்மையின் உருட்சி மறைந்து தட்டையாகிறது. மெருகின்மேல் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் புள்ளி விழுகிறது. ஆகவே விளக்கைக் காமிராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வைத்தல் வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு கேபிளோ, வானொலி அலையால் இயங்கும் டிரிக்கரோ போதும்.

1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பிளாஷை வளர்த்த ஹரால்டு எட்கர்டன், ஒரு பால் துளி சிதறி மகுடம்போல் எழுவதை 1957-இல் படமாக்கினார். மேசையளவு இடத்தில் அடங்கும் நிகழ்ச்சியே அது. இடத்தின் பரப்பைவிட ஒளியின் அமைப்பே முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி முறையைக் காண்போம். ஒரு மரச்சட்டத்தில் வெள்ளை மல் துணியையோ டிரேசிங் தாளையோ இழுத்துக் கட்டி, பொம்மைக்கு 30 சென்டிமீட்டர் அருகில் நிறுத்துக. அதன் பின்னாலிருந்து பிளாஷ் ஒளி துணி முழுவதும் பரவட்டும். சிறிய விளக்கு இப்போது துணியின் அளவுக்குப் பெரிய விளக்காகிவிடுகிறது. நிழலின் ஓரம் மென்மையாகிறது. எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால், இருண்ட பக்கமும் சற்றே தெளியும்.

அருகில் வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்பியல் விதி. ஒளிரும் துணியிலிருந்து பொம்மை 30 சென்டிமீட்டரிலும் சுவர் 150 சென்டிமீட்டரிலும் இருப்பின், சுவரை அடையும் ஒளி ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கே. எனவே பச்சை வண்ணச் சுவரும் தன் நிறத்தைப் பொம்மைமேல் அதிகம் பூசாது. அப்படியும் ஐயம் இருந்தால் வெள்ளை விரிப்பால் சுவரை மறைத்துவிடலாம்.

மெருகிட்ட பொருள் கண்ணாடி போன்றது. சுற்றுப்புறத்தைத் தன்மேல் காட்டும். அப்பளபளப்பை முற்றும் நீக்க முயல்வது வீண். நீக்கினால் அரக்கின் அழகும் போய்விடும். துணியின் ஒளி ஒரு நீண்ட வெண்பட்டையாகப் பொம்மையின் வளைவைத் தழுவி விழுமாறு சட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புக. பட்டை மிக அகன்றால், துணியின் ஓரத்தைக் கறுப்புத் தாளால் மறைத்துக் குறைக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/125 நொடி, பிளாஷின் ஆற்றல் 1/16 என்று தொடங்கிப் பார்க்கலாம். முதலில் பிளாஷ் இன்றி ஒரு படம் எடுங்கள். அது கருமையாக வந்தால், கூரையிலுள்ள குழல்விளக்கின் ஒளி கலக்கவில்லை என்று பொருள். அடுத்து, பொம்மை இருந்த இடத்தில் சாம்பல்நிற அட்டையை வைத்து, பிளாஷ் ஒளியிலேயே ஒரு படம் எடுத்து, அதைக்கொண்டு நிறத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மரத்தில் முடிச்சோ கீறலோ இருந்தால் அதனையும் படம் காட்டட்டும். கடைந்தவரின் உழைப்பை உள்ளது உள்ளபடி வாங்குவோர் கண்முன் சேர்ப்பதே ஒளியின் பணி.