ருஜு யார் கொடுப்பது?



எதற்கும் ருஜு கேட்கிறவர்கள் என்று நமக்கு ஒரு பெயர் உண்டு. அது பெருமையான பெயர்தான். ஆனாலும் ருஜு கேட்பதிலேயே யோக்கியமான கேள்வியும் உண்டு, பித்தலாட்டமான கேள்வியும் உண்டு. இதற்கு அமெரிக்கப் பட்டாளத்துச் சிப்பாய்கள் பட்ட பாட்டை இன்று சொல்ல வந்தோம்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க சர்க்கார், எதிரி ஒளிகிற காட்டை மொட்டையாக்குவதற்கென்று வியட்நாமில் ஆகாய விமானங்களிலிருந்து இலையுதிர் மருந்து தெளித்தது. மொத்தம் 7 கோடி லிட்டருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஏஜண்ட் ஆரஞ்சு என்பது. பீப்பாயில் அடித்திருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயரே தவிர, பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இம்மருந்தைத் தயார் செய்யும்போதே டையாக்ஸின் என்னும் நஞ்சு அதில் கலந்துவிடுகிறது. அது உடம்பின் கொழுப்பில் வருஷக் கணக்காகத் தங்கிவிடும்.

சிப்பாய் ஊர் திரும்பினான். பத்து, இருபது வருஷம் கழித்துப் புற்றுநோய் வந்தது. வைத்தியமும் உபகாரச் சம்பளமும் கேட்டால், மருந்து உன்மேல் பட்டதா, அதனால்தான் நோய் வந்ததா, ருஜுப்பி என்றார்கள். தெளித்தது யார்? சர்க்கார். தெளித்த இடத்தின் கணக்கு யாரிடம்? சர்க்காரிடம். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் காட்டில் கிடந்தவன் கையில் தராசும் புட்டியுமா வைத்திருந்தான்?

வழக்குப் போடலாமே என்பீர்கள். பட்டாள வேலையில் நேர்ந்த தீங்குக்குச் சர்க்கார்மேல் நஷ்டஈட்டு வழக்கு செல்லாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1950-லேயே தீர்த்துவிட்டது. மருந்து விற்ற கம்பெனிகள் 1984-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 18 கோடி டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டன.

1991-இல்தான் ஒரு சட்டம் வந்தது. யுத்த காலத்தில் வியட்நாமில் வேலை பார்த்தவனை மருந்து பட்டவனாகவே வைத்துக்கொள்ள வேண்டும். விஞ்ஞானிகள் ஆராய்ந்து சம்பந்தம் உண்டென்ற நோய்களுக்கு அவனிடம் தனி ருஜு கேட்கக் கூடாது. இது பகுத்தறிவுக்கு விரோதமல்லவா என்று சில கனவான்கள் கேட்கலாம். விரோதமே இல்லை. ஒரு தனி மனிதனின் புற்றுநோய் இன்னதால்தான் வந்ததென்று எந்த வைத்தியனாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். அவனிடம் இருக்கவே முடியாத ருஜுவை அவனிடமே கேட்பது விஞ்ஞானமா, கையை விரிக்கிற வழியா?

பிறகும் சும்மா விட்டார்களா? கடலில் கப்பலோடு நின்றவன் மண்ணில் கால் வைக்கவில்லை என்று 2002 முதல் தள்ளி வைத்தார்கள். அவனுக்கு 2019-இல்தான் தனிச் சட்டம். இரத்தக் கொதிப்பு ஜாபிதாவில் ஏறியது 2022-இல். இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் முகாம் குப்பையைத் திறந்த குழியில் எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அதே 2022 சட்டத்தில்தான் வழி பிறந்தது.

இனி, அந்தக் காட்டோரம் நெல் பயிரிட்ட வியட்நாம் குடியானவன் இருக்கிறான். அதே மருந்து அவன்மேலும் பெய்தது. அந்நாட்டார் கம்பெனிகள்மேல் போட்ட வழக்கை 2005-இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது. சிப்பாய்க்குக் கிடைத்த சட்டத்தில் அவனுக்கு இடமில்லை.