கிணறு உவரானால் குடிக்க என்ன செய்வது?

(அரியாலையில் மீளக்குடியமரும் குடும்பங்களுக்கு நிகழ்த்தப்பட்ட உரை)



பேச்சைத் தொடங்க முன்னரே அடுப்பு மூட்டிவிட்டோம். கிடாரத்துக்குள் இருப்பது நீரேரிக் கரைக் காணிக் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உவர். நான் பேசி முடிக்கும்போது அதிலிருந்து எவ்வளவு நல்ல தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

1995 ஒக்டோபரில் செம்மணிப் பாதையால் நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொட்டும் மழைக்குள் நின்றுகொண்டு ஒரு மிடறு குடிதண்ணீருக்குத் தவித்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது காணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, குடிக்கத்தான் முடியவில்லை. வந்தவுடன் எல்லாரும் செய்வது கொதிக்க வைப்பது. கிருமிக்கு அது சரி. உப்புக்குச் சரியில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், உப்பு அப்படியே நிற்கும், கடைசியில் முதலிலும் பார்க்கக் கரிக்கும். குளோரினும் உப்பை எடுக்காது.

உப்பைவிட நான் பயப்படுவது நைத்திரேற்றுக்கு. தோட்டத்துக்குப் போட்ட யூரியாவாலும் மலசலகூடக் குழியாலும் அது நிலத்தடி நீரில் சேருகிறது. எங்கள் குடாநாட்டுக் கிணறுகளில் இது பழைய பிரச்சினை. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் இதுவும் கூடும், குறையாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தண்ணீரே தேவையில்லை. பால்மா கொடுத்தே ஆகவேண்டிய பிள்ளை உள்ள வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உப்பையும் நைத்திரேற்றையும் கிருமியையும் ஒன்றாக விட்டுவிட்டு வருவது ஆவி. பிட்டு அவித்த மூடியைத் தூக்கினால் சொட்டுமே, அந்தத் தண்ணீர்தான். (பின்வரிசையில் சிரிக்கிற ஐயாமாருக்கு இந்த வேலை வேறு விதத்தில் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நான் பேச வரவில்லை.)

செய்முறை இதுதான். கிடாரத்தில் கால்வாசிக்கு உவர்நீர். நடுவில் ஒரு சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் இன்னொரு சுத்தமான கிண்ணத்தை நிமிர்த்தி வையுங்கள். மேற்கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்கு நன்றாக மேலே நிற்கவேண்டும். கிடாரத்தின் வாயில் மூடிக்குப் பதிலாக ஒரு தாச்சியை வைத்து, அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஆவி தாச்சியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, உருண்டையான நடுப்பகுதிக்கு ஓடிவந்து கிண்ணத்துக்குள் விழும். தாச்சித் தண்ணீர் சுட்டால் மாற்றுங்கள். நெருப்பு மெதுவாக எரியட்டும். குமுறிக் கொதித்தால் உப்புநீர் தெறித்துக் கிண்ணத்துக்குள் போய்விடும். அடிப்பிடிக்கவும் விடாதீர்கள். மாவைக் குழைத்து வாயை அடைக்கவேண்டாம், ஆவிக்கு வழி வேண்டும். பெயின்ற், எண்ணெய், மருந்து இருந்த தகரமோ பரலோ வேண்டவே வேண்டாம்.

சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ட செய்தி உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய், டீசல் மணக்கிற தண்ணீரை இப்படிக் காய்ச்சக்கூடாது. அந்த எண்ணெயும் ஆவியோடு ஏறிவரும்.

இனி விறகுக் கணக்கு. ஒரு லீற்றரைக் கொதிக்க வைப்பதற்கும் அதை முழுவதும் ஆவியாக்குவதற்கும் வித்தியாசம் எட்டு, ஒன்பது மடங்கு. மூன்று கல் அடுப்பில் லீற்றருக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு போகும். ஐந்து பேர் குடிக்க நாளுக்கு 15 லீற்றர் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். அதனால் இது பவுசர் வராத இரண்டொரு நாளுக்கு, குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும். கொக்கரை, பன்னாடை, ஊமல், சிரட்டை என்று வளவுக்குள் இருப்பதை இப்போதே நனையாமல் சேர்த்து வையுங்கள். முன்னரங்காக இருந்த காணிகளுக்குள், மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்காத இடத்துக்குள், ஒரு காவோலை எடுக்கவும் போகவேண்டாம். தண்ணீருக்காகக் காலைக் கொடுக்கமுடியாது.

மழையின் கணக்கு வேறு. 550 சதுர அடி வீட்டுக் கூரை ஏறக்குறைய 50 சதுர மீற்றர். மாரியில் 20 மில்லிமீற்றர் ஒரு நாள் பெய்தால் 1000 லீற்றர். முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, பீலி வைத்துத் தாங்கியில் பிடித்து, மூடி வைத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கிணற்றையும் அவசரப்பட்டுக் கெடுக்காதீர்கள். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மேலே ஒரு அடியை இறைத்துத் தள்ளினால் கீழிருந்து உவர் அந்த அளவுக்கு எழும்பும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகள் உவராகவே நின்றன. மழை பெய்துதான் இனித்தன. சேறும் குப்பையும் எடுக்க ஒரு தரம் இறையுங்கள், குளோரின் இடுவியுங்கள், பிறகு வாளியால் அள்ளுங்கள். பொறியியலாளர் ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று திட்டம் போட்டதும் மழைநீரை நீரேரியில் மறித்து இந்தக் கிணறுகளை இனிக்க வைக்கத்தான். அரியாலைத் தடுப்பணையை வீதியால் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

சரி, தாச்சியைத் தூக்குவோம். துணி பிடித்துத் தூக்குங்கள் தம்பி, ஆவி சுடும். பிள்ளைகள் தள்ளி நில்லுங்கள்.

ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது. அடுப்பில் எவ்வளவு மட்டை எரிந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, நீங்கள் முதலில் ருசி பாருங்கள். சப்பென்று இருக்கும். ஏதனத்துக்கு ஏதனம் இரண்டு தரம் ஆற்றினால் கொஞ்சம் நன்றாயிருக்கும்.